வேண்டாம் என்று சொல்ல ஒருவர்

பிப்ரவரி 11

அத்தைக்கு,

போனில் என் குரல் கேட்டதுமே வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும், அதற்கு முன் இரண்டு வரியாவது கண்ணில் படும் என்று ஒரு நப்பாசை.

கடையின் இன்னொரு கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் நாலு மணி நேரத் தூரம். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிற அதே வேலைதான். அந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. அவருடைய சட்டைகள் கொடியிலேயே கிடந்தன. எடுத்து மடிக்க மனசு வரவில்லை. பார்த்துக்கொண்டு இருக்கவும் முடியவில்லை.

அவரை நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோன அன்று ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே நானும் வந்தேன். கேட்டைச் சாத்திக்கொண்டு, "சாகட்டும்னு எழுதிக் குடுத்தவளுக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டீர்கள். தெரு முழுக்கக் கேட்டது. திரும்பிப் போய்விட்டேன். அதற்காக நான் அவரை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

எப்படி இருக்கிறார்? கண்ணைத் திறந்து மூடுவார், ஆனால் எதையும் பார்க்க மாட்டார் என்று பெரிய டாக்டர் சொன்னார். இன்னும் அப்படித்தானா? குரல் வருகிற பக்கம் தலையைத் திருப்புகிறாரா?

தாடைக்குக் கீழே மட்டும் கீழிருந்து மேலாக மழித்துவிடாதீர்கள், தோல் தடித்துவிடும். மேலிருந்து கீழாகத்தான் மழிக்க வேண்டும். இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தால் அவருக்குப் பிடிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கட்டுமா? நீங்கள் பக்கத்து அறையில் இருந்துகொள்ளுங்கள். என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 20

உன் கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவள் நான். எத்தனையோ பெண்களின் கடிதங்கள் என் மேஜையைத் தாண்டித்தான் போயிருக்கின்றன. பொய் எந்த வரியில் ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். உன் கடிதத்தில் பொய் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியதைத் தவிர மற்றதெல்லாம் இருக்கிறது. முகச்சவரம் பற்றி எழுதியிருக்கிறாய்.

நீ குளித்துவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்குப் போனாயே, அப்போது ஐசியுவில் என்ன நடந்தது என்று யாராவது உனக்குச் சொன்னார்களா? நான் சொல்கிறேன்.

அவன் தலைமாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மெஷினில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அது அலறியது. நர்ஸ் வந்து பார்த்தாள். ஓடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. அலறலை நிறுத்தினாள். திரைச்சீலையை மெதுவாக இழுத்துவிட்டாள். "அம்மா, நீங்க அவர் கையைப் பிடிச்சுக்கோங்க" என்றாள். டாக்டர் வருகிற வரைக்கும் பிடித்துக்கொள்ளச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மடச்சி மாதிரி. உதடு நிறம் மாறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

"ஏம்மா சும்மா நிக்கிற? போன தடவை நெஞ்சை அமுக்கிக் காப்பாத்தினீங்களே, அதைச் செய்யுங்க!"

"இல்லம்மா. இதயம் நின்னா ஒண்ணும் செய்ய வேண்டாம்னு அவரே சொல்லியிருக்கார். அவர் மனைவியும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரிந்த விதம் அது. அந்த நேரத்தில் உள்ளே வந்த சின்ன டாக்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். "நான் பெத்தவ சொல்றேன். செய்." அவன் நர்ஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு செய்தான். இதயம் ஓட ஆரம்பித்தது. மூளை திரும்பி வரவில்லை. நடுவில் கைகட்டி நின்றார்களே, அந்த நேரத்தில்தான் அது போயிற்று. உடனே செய்திருந்தால் போன தடவை மாதிரி எழுந்து உட்கார்ந்து என்னோடு பேசியிருப்பான். அவர்களை அப்படி நிற்கவைத்தது உன் கையெழுத்து.

அன்று காலையில் என் எதிரில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தாய். ஒரு வார்த்தை சொன்னாயா?

வராதே.

சவரம் மேலிருந்து கீழாகத்தான் செய்கிறேன். அந்த முகத்தை உனக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும்.


மார்ச் 3

அத்தைக்கு,

திரைச்சீலை பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. ஈரத்தலையோடு நான் திரும்பி வந்தபோது அவர் வாயில் குழாய் இருந்தது. நீங்கள் சுவரோடு சாய்ந்து நின்றீர்கள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். மிச்சத்தை நானாகப் புரிந்துகொண்டேன்.

சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்றீர்கள். இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் முதல் தடவை நடந்தது உங்களுக்குத் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கற்றுக்கொள்ள வந்த பெண்ணே ஓட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினாள். அங்கே அவர் இதயம் நின்றது, அமுக்கி மீட்டார்கள். கண் விழித்ததும், "அவளுக்கு லைசென்ஸ் குடுத்துடலாம்" என்றார். நாம் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதபடியே சிரித்தோம்.

அதற்கப்புறம் வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. விலா எலும்புகள் உடைந்திருந்தன. தும்மல் வந்தாலே முகம் வெளுத்துவிடும். குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைத்து நான்தான் முதுகுக்குத் தண்ணீர் ஊற்றுவேன். ஒரு நாள் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"அடுத்த தடவை வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"அமுக்கறது. ஒருத்தன் மேல ஏறிப் பலகையை உடைக்கிற மாதிரி இருந்துச்சு. எல்லாரும் வெளிச்சம் தெரியும்பாங்க. எனக்கு வலிதான் தெரிஞ்சுது. அப்புறம் தொண்டையில குழாய். கத்தறேன், சத்தம் வரலை."

நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

"கத்துக்குடுக்கிற கார்ல என் காலடியில தனியா ஒரு பிரேக் இருக்கும்ல? அது இல்லாத வண்டியில நான் ஏற மாட்டேன்" என்றார். சிரித்தார். உடனே விலாவைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியாகச் சேர்த்தபோது பெரிய டாக்டர் வந்து, இதயம் இனித் தேறாது, நுரையீரலும் கெட்டுவிட்டதால் மாற்று இதயமும் வைக்க முடியாது என்று எங்களிடம் சொன்னார். உங்கள் பிள்ளைதான் கேட்டார். "நின்னா நிக்கட்டும் டாக்டர். மறுபடி கிளப்ப வேண்டாம்." டாக்டர் திருப்பித் திருப்பிக் கேட்டார். அவர் மாற்றிச் சொல்லவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். பேனா எழுதவில்லை. உதறிவிட்டுப் போட்டேன்.

உங்களிடம் சொல்லலாம் என்றேன். "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ சொன்னா உன்னைத்தான் திட்டுவாங்க" என்றார். தினமும் கேட்டேன். தினமும் நாளைக்கு என்றார். அன்று பழம் உரிக்கும்போது நானே சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன். நீங்கள், "இன்னிக்கு முகம் தெளிவா இருக்குல்ல?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எழுதிவிட்டு அடித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அடிக்க மாட்டேன். அந்த நர்ஸ் சொன்னபடி இன்னும் கொஞ்ச நேரம் நீங்கள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால், பெற்றவள் கையைப் பிடித்தபடி வலியில்லாமல் போயிருப்பார். அவர் கேட்டது அவ்வளவுதான். அதை நீங்கள் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டீர்கள். இப்போது உங்கள் வீட்டில் படுத்திருப்பது அவருக்கு நீங்கள் கொடுத்த தண்டனை.

மருமகள்


மார்ச் 19

உனக்குப் பதில் போடுவதில்லை என்றுதான் இருந்தேன். அந்தக் கடைசிப் பத்தியை எங்கே வைத்தாலும் அது கண்ணில் படுகிறது. அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன். துணி எடுக்கும்போதெல்லாம் கை அங்கேயே போகிறது.

கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள், தெரியுமல்லவா? அதில் சளி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் கொதிக்கிற பாத்திரம் மாதிரி சத்தம் வரும். சின்னக் குழாயை உள்ளே விட்டு மெஷினால் உறிஞ்ச வேண்டும். காலையில் நர்ஸ் வந்து செய்துவிட்டுப் போகிறாள். மற்ற நேரமெல்லாம் நான்தான். உறிஞ்சும்போது உடம்பு வில்லாக வளையும். முகம் சிவந்து, கண்ணோரம் தண்ணீர் வழியும். "அவருக்கு ஒண்ணும் தெரியாதும்மா, உடம்பு தானா செய்யுது" என்கிறாள் நர்ஸ். ஒன்றும் தெரியாதவனுக்குக் கண்ணீர் எதற்கு என்று கேட்டேன். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இடுப்புக்குக் கீழே புண் வந்துவிட்டது. நீ சொன்ன மாதிரி இடது பக்கம் சாய்த்துத்தான் படுக்கவைக்கிறேன்.

குளியலறையில் அவன் சொன்னதாக நீ எழுதியதை நம்புகிறேன். அவன் பேசுகிற மாதிரியேதான் இருக்கிறது. பிரேக் என்று வேறு யார் சொல்வார்கள். ஆனால் ஒன்று. என்னிடம் அவன் என்ன சொன்னான் என்று நீ கேட்கவே இல்லை. உன்னிடம் மட்டும்தான் வாய் திறந்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

அதே ஐசியுவில், நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். என் கையை எடுத்துத் தன் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டான், சின்ன வயசில் செய்வது போல.

"அம்மா, பயமா இருக்கு."

"எதுக்குடா கண்ணா?"

"என்னை விட்டுடாதீங்கம்மா. என்ன ஆனாலும் விட்டுடாதீங்க."

"விடுவேனாடா?"

"அவகிட்ட சொல்லாதீங்க. நான் தைரியமா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டுத்தான் அவ நிக்கிறா."

நீ மருந்தோடு மேலே வந்தாய். அவன் கையை உருவிக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கஞ்சி பற்றி ஏதோ கேலி பேசினான். நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை என்று அப்போது என்னைக் கோபித்துக்கொண்டாய், நினைவிருக்கிறதா?

உன்னிடம் கையெழுத்து வாங்கினான். என்னிடம் வாக்கு வாங்கினான். அந்தத் திரைச்சீலைக்குள் நான் எதைக் கேட்டிருக்க வேண்டும் என்று நீயே சொல்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானால் வா. கேட் திறந்திருக்கும்.


ஏப்ரல் 2

அத்தைக்கு,

வா என்று எழுதியும் நான் வரவில்லை. எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். கேட் திறந்ததும் கால் வர மறுக்கிறது. அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? இவ்வளவு நாளும், கேட்டதைச் செய்தேன் என்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கி எழுந்தேன். அது போய்விட்டது.

அவர் மேல் கோபம் வருகிறது. இப்படிக் கிடக்கிற மனுஷன் மேல் கோபப்படுகிறவள் நான் ஒருத்திதான் இருப்பேன். ஒரே ஒரு தடவை, பயமாக இருக்கிறது என்று என்னிடமும் சொல்லியிருக்கலாம். என் கை பேனாவை உதறியிருக்காது. நேற்று ஒரு லென்ஸை அளவுக்கு மேல் தேய்த்துவிட்டேன். சட்டத்தில் வைத்தால் நிற்கவில்லை, கீழே விழுகிறது. முதலாளி அதை எடுத்துப் பார்த்தார். வீட்டுக்குப் போ என்றார்.

அவர் சொன்ன வார்த்தையையே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். "விட்டுடாதீங்க." சாக விட்டுவிடாதீர்கள் என்றா? தனியாக விட்டுவிடாதீர்கள் என்றா? முதலாவது என்றால் நான் செய்தது கொலை. இரண்டாவது என்றால், அந்த நர்ஸ் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாளே, அது போதுமாக இருந்திருக்கும்.

எது என்று நீங்கள் அவரைக் கேட்டீர்களா?

மருமகள்


ஏப்ரல் 9

கேட்கவில்லை.

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், சீக்கிரம் கிடைக்கட்டும் என்று. அவனுக்கு நுரையீரலில் சீழ் கட்டிவிட்டது. காய்ச்சல் இறங்கவில்லை. அதே ஆஸ்பத்திரியில் முதல் மாடி ஐசியுவில் சேர்த்திருக்கிறேன். ஆறாம் பெட். மறுபடியும் மெஷின்தான் மூச்சுவிடுகிறது.

இப்போது பார்க்கிறவள் ஒரு பெண் டாக்டர். கத்தாமல் உட்காரவைத்துப் பேசுகிறாள். இதயம் எந்த நேரமும் நிற்கலாம், நின்றால் என்ன செய்யட்டும் என்று கேட்கிறாள். போன தடவை எழுதின பேப்பர் அந்தத் தடவையோடு சரியாம், நான்தான் அதைக் கிழிக்கவைத்துவிட்டேனே. "மறுபடி அமுக்கினா அவருக்கு எதுவும் திரும்பக் கிடைக்காதும்மா. சித்திரவதைதான் மிஞ்சும். ஆனா அவர் மனைவியும் நீங்களும் ஒரே மாதிரி சொல்லணும். எழுதி இல்லைன்னா நாங்க செஞ்சுதான் ஆகணும்."

வேண்டாம் என்பதுதான் சரி என்று எனக்குத் தெரியும். அந்தப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டினவள் நான். சளி உறிஞ்சினவள் நான். என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் அதை என் வாயால் சொல்ல முடியவில்லை. விடமாட்டேன் என்று சொன்ன வாய் இது.

நீ வந்து சொல். கையெழுத்தையும் நீயே போடு. உன்னால் முடியும், ஒரு தடவை போட்டிருக்கிறாய். ஏற்கெனவே உனக்கு அந்தப் பேர் வந்துவிட்டது. இன்னொரு தடவையால் அது கூடிவிடப்போவதில்லை. நான் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

உடனே வா.


ஏப்ரல் 12

அத்தைக்கு,

டாக்டர் எனக்கும் போன் செய்தார். வந்து சொல்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். உங்களிடம் பொய் சொல்ல வேண்டாம் என்பதால் இதை எழுதுகிறேன். நான் வரப்போவதில்லை.

சாகட்டும்னு எழுதிக் குடுத்தவ என்று தெருவில் வைத்துச் சொன்னீர்கள். இப்போது அதே பேரோடு வந்து அதே வேலையைச் செய்துவிட்டுப் போ என்கிறீர்கள். முடிவை நீங்கள் எடுத்துவிட்டீர்கள் அத்தை. அதைச் சுமக்க மட்டும் ஓர் ஆள் தேடுகிறீர்கள்.

அன்று என்னால் முடிந்ததற்குக் காரணம், அவர் மனசு எனக்குத் தெரியும் என்று நம்பியதுதான். அந்த நம்பிக்கையை நீங்கள்தான் எடுத்துவிட்டீர்கள். வேண்டாம் என்று சொல்ல நினைக்கும்போதெல்லாம், உங்கள் கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு பயமாக இருக்கிறது என்று சொன்ன முகம் வந்து நிற்கிறது. நான் பார்க்காத முகம்.

இந்தத் தடவை நீங்கள் சொல்லுங்கள்.


ஏப்ரல் 27

அவன் போன மறுநாள் நீ வந்தாய். உறவுக்காரர்களுக்கு நடுவில் நின்றாய். அவர்கள் அவனைத் தூக்கும்போது உன் கை அவன் கால் மேல் இருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன், நீயும் அப்படித்தான் இருந்தாய். யாரும் உனக்கு விவரம் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன். இதுதான் கடைசி.

உன் கடிதம் வந்ததும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். டாக்டர் கேட்கும்போதெல்லாம், "மருமக வரட்டும்" என்றேன். வரமாட்டாய் என்று தெரிந்தே சொன்னேன். அப்படிச் சொல்லிக்கொண்டே இருந்தால் அவனாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுவான் என்று எனக்கு ஒரு நினைப்பு. நம் இரண்டு பேருக்கும் கஷ்டம் கொடுக்காமல் போய்விடுவான் என்று. சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தானே இருந்தான்.

மதியம் அது நின்றது. என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். டாக்டர் கதவைப் பாதி திறந்து தலையை நீட்டினாள்.

"அம்மா, நின்னுடுச்சு. இப்பவாவது சொல்லுங்க. வாயால சொன்னாக்கூடப் போதும்."

நான் அவளைப் பார்த்தேன்.

"அம்மா, சொல்லுங்கம்மா."

என் ஒரு அதட்டலுக்கு விடுதியில் ஒரு மாடியே அடங்கும். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. வாயும் திறந்தது. வேண்டும் என்றும் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. அவள் கதவைச் சாத்தினாள். யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் அவர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள்.

கதவில் ஒரு கண்ணாடிக் கீற்று இருக்கிறது. பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. கட்டில் குதித்தது. ஒருவர் மாற்றி ஒருவர் ஏறினார்கள். எலும்பு முறிகிற சத்தம் கதவுக்கு வெளியிலேயே கேட்டது. அவன் கை கட்டிலுக்கு வெளியே தொங்கி, ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஆடியது. அதைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. பிடித்துக்கொள்ளச் சொல்லி என்னை யாரும் கூப்பிடவும் இல்லை. ரொம்ப நேரம் செய்தார்கள். பிறகு நிறுத்தினார்கள்.

அமுக்க வேண்டாம் என்று உன்னிடம் கேட்டான். விட்டுவிட வேண்டாம் என்று என்னிடம் கேட்டான். இரண்டும் நடக்கவில்லை.

நீ வந்திருக்கலாம். பக்கத்தில் வந்து நின்றிருந்தால்கூடப் போதும், இரண்டு பேரில் ஒருத்திக்கு வாய் வந்திருக்கும். இதை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. குத்துவதற்காகவும்தான்.

பதில் போடாதே.


மே 6

அத்தைக்கு,

பதில் போடாதே என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடுங்கள்.

நான் வந்திருந்தேன்.

வரமாட்டேன் என்று எழுதிய பிறகும் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. அவர் போன அன்று விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஆஸ்பத்திரி வரவேற்பில் ஆறாம் பெட் என்று சொல்லிப் பார்வையாளர் அட்டையும் வாங்கிக்கொண்டேன். மாடிப்படிவரை போனேன். மேலே போனால் கையில் பேனாவைக் கொடுப்பார்கள். அது தெரிந்ததும் அப்படியே திரும்பி, படிக்கு எதிரில் இருக்கிற கேன்டீனில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். டீ ஆறிப்போயிற்று. இன்னொன்று வாங்கினேன்.

அடுத்த மேஜையில் ஒரு டாக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வார்டு ஆள் ஒருவர் படியில் பாதிவரை இறங்கி வந்து, "டாக்டர், ஐசியு! ஆறாம் பெட்!" என்று கத்தினார். டாக்டர் சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். ஓடுகிற ஓட்டத்தில் ஒரு செருப்பு படியில் கழன்றுகொண்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு எல்லாம் தெரிந்தது அத்தை. என்ன நின்றுவிட்டது, எதற்காக ஓடுகிறார், மேலே நீங்கள் எப்படி நின்றிருப்பீர்கள், எல்லாம் தெரிந்தது. ஒரு மாடிதான். ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. வேண்டாம் என்று சொல்லாவிட்டாலும், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போய் அவர் பக்கத்திலாவது நின்றிருக்கலாம். நான் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே போகிறவர்கள் அதைத் தாண்டிப் போனார்கள். ஒரு அம்மாள் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டாள்.

ரொம்ப நேரம் கழித்து அவர் இறங்கி வந்தார். ஓடவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லாமல் படிப்படியாகத் தேடிக்கொண்டே வந்து, ஓரத்தில் கிடந்ததை மாட்டிக்கொண்டார். தன் மேஜைக்கு வந்து தட்டைப் பார்த்தார். உட்காரவில்லை. குழாயில் கையை முழங்கைவரை கழுவினார். திரும்பும்போது என் கையில் இருந்த அட்டை அவர் கண்ணில் பட்டது.

"யாரைப் பார்க்கணும்மா?" என்று கேட்டார்.

"யாரையும் இல்லை" என்றேன்.